அதிகாரியின் மாத்திரை

அட்டையில் ஒரு குழி காலியாக இருந்தது.

செபெரினோ மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் எண்ணினான். ஒன்பதுதான். சர்க்கரை வியாதிக்கான மாத்திரை அது. நேற்று மாலை கடையைச் சாத்தும்போது பத்தும் இருந்தன; அவன் கையாலேயே இழுப்பறையில் வைத்த அட்டை. இப்போது அது இழுப்பறையில் இல்லை. மேசை மேல், தலைவலி மாத்திரை அட்டையின் பக்கத்தில், அவனுடைய கத்தரிக்கோலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

இரண்டு அட்டையிலும் இருந்தவை வெள்ளை, வட்டம், ஒரே அளவு. கிட்டே வைத்துப் பார்த்தால் தலைவலி மாத்திரையின் நடுவில் ஒரு கோடு தெரியும். கண்ணாடி போடாமல் அரட்டை அடித்துக்கொண்டே மாத்திரை எடுக்கிறவனுக்கு அந்தக் கோடு எங்கே தெரியப்போகிறது?

அரை மணி நேரத்துக்கு முன்னால் நடந்ததை அவன் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான்.

அன்று வடக்குக் காற்று. வில்லாரிக்காவில் வடக்குக் காற்று அடித்தால் அனலும் புழுதியும் கைகோத்துக்கொண்டு வரும். ஊரில் பாதிப் பேருக்குத் தலைவலி; மீதிப் பேர் வீட்டில் சண்டை. அந்த நாளில் மருந்துக் கடைக்கு வருகிற யாரும் பெட்டியாக வாங்குவதில்லை. ஒன்று, இரண்டு என்று அட்டையிலிருந்து கத்தரித்துத்தான் கொடுக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு மாத்திரையைப் பிதுக்கிப் பீங்கான் தட்டில் போட்டுவிட்டால், மேசையில் சுற்றி வரும் தெரெரேயில் ஒரு இழுப்பு இழுத்து அங்கேயே விழுங்கிவிட்டுப் போவார்கள். மாட்டுக் கொம்புக் குவளையில் இலைத் தூளைப் போட்டு, ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஒரே குழலில் எல்லோரும் உறிஞ்சுகிற பானம் அது. அது இல்லாமல் அந்த ஊரில் மருந்தும் இறங்காது, பேச்சும் இறங்காது.

ஒன்பதரைக்கு அதிகாரி புருதென்சியோ உள்ளே வந்தார்.

போலீஸ் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. ஆனாலும் ஊரில் 'அதிகாரி' என்றால் அவர் ஒருவர்தான். ஒரு தடவை சவரம் செய்யும்போது அவர் கன்னத்தில் லேசாகக் கீறிவிட்ட முடிதிருத்துகிறவர், அடுத்த வாரமே அர்ஜென்டினாவுக்குக் குடிபோனார். அதிகாரி அவரை ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அவருடைய சட்டைக்கு அடியில் இடுப்பில் எப்போதும் ஒரு புடைப்பு இருக்கும். அது என்ன ரகத் துப்பாக்கி என்று ஊரில் பல கருத்துகள் உண்டு. எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டவர் யாரும் இல்லை.

"தலை வெடிக்குது. ஒண்ணு குடு," என்றார்.

"எனக்கும்தான் ஐயா. காலைல ஒண்ணும் சாப்பிடக்கூட முடியல," என்று செபெரினோ இரண்டு மாத்திரைகளைப் பிதுக்கித் தட்டில் போட்டான். அவருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. கொம்பில் தண்ணீர் ஊற்றி அவரிடம் நீட்டினான். அதிகாரி சட்டைப் பையைத் துழாவிக்கொண்டே தட்டருகே கையை ஊன்றினார். அந்த நேரம் பார்த்து வாசலில் கிறிஸ்பினின் குதிரை வண்டி நின்றது. கிறிஸ்பின் தொப்பியைத் தூக்கி அதிகாரிக்குக் கும்பிடு போட, அவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். செபெரினோ தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு விழுங்கினான்.

அதிகாரி திரும்பினார். தட்டைப் பார்த்தார். செபெரினோவைப் பார்த்தார். மறுபடியும் தட்டைப் பார்த்தார். பிறகு கையை நீட்டித் தட்டில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "நன்றி," என்றார்.

தெரெரே சுற்றில் நன்றி சொன்னால் போதும், இனி ஊற்றாதே என்று அர்த்தம். வழக்கமாக ஆறு சுற்றுக்குக் குறையாதவர் ஒரே சுற்றில் நன்றி சொன்னது செபெரினோவுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. வாசலுக்குப் போனவர் நின்று, அவனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். முடிதிருத்துகிறவர் மேல் விழுந்த அதே பார்வையாகத்தான் இருக்க வேண்டும்.

பத்து நிமிடத்தில் செபெரினோவின் தலைவலி ஓடிப்போயிற்று. ஆகவே அவன் வயிற்றுக்குள் போனது நல்ல அசல் தலைவலி மாத்திரை. அதில் சந்தேகமே இல்லை.

அப்படியானால் அட்டையில் காணாமல் போன அந்த ஒன்று எங்கே போனது?

பதினோரு வருட அனுபவம் அவனுக்கு ஒரே ஒரு பதிலைத்தான் சொன்னது. அதைக் கேட்டதும் அவன் மேசையைப் பிடித்துக்கொண்டான்.

கடையின் முதலாளியும் மருந்தாளருமான சுனில்டா அம்மா விடியற்காலையிலேயே கடையைத் திறந்து வைத்துவிட்டு, மகள் வீட்டுக்குப் போக அசுன்சியோன் பஸ் ஏறிவிட்டார். செபெரினோ அவருக்குப் போன் போட்டான்.

"அம்மா, ஒரு சின்ன சந்தேகம்."

"சீக்கிரம் கேளு. பஸ்ல இருக்கேன். பக்கத்துல ஒருத்தி கோழியோட உக்காந்திருக்கா."

"சர்க்கரை வியாதி இல்லாத ஒருத்தர், தெரியாம சர்க்கரை மாத்திரைய முழுங்கிட்டா என்ன ஆகும்?"

"யாரு முழுங்கினது?"

"யாரும் இல்லம்மா. ரேடியோல சொல்லிக்கிட்டிருந்தான்."

"முழுசா கேக்க வேண்டியதுதான?"

"பாதியில கரண்ட் போயிடுச்சு."

சுனில்டா அம்மாவுக்குப் பாடம் நடத்தப் பிடிக்கும். "அந்த மாத்திரைக்கு ஆள் அடையாளம் எல்லாம் தெரியாது செபெரினோ. வயித்துல கரையும், குடல் வழியா ரத்தத்துல ஏறும், நேரா போய்க் கணையத்தோட கதவைத் தட்டும். கணையம் இன்சுலினைத் திறந்து விடும். ரத்தத்துல ஓடுற சர்க்கரைய எல்லாம் அது வாரி உள்ள தள்ளிடும். சர்க்கரை மிதமிஞ்சி இருக்கிறவனுக்கு அது நல்லது. அளவா இருக்கிறவனுக்கு மூளைக்குப் போற சாப்பாடே நின்னு போகும்."

"எவ்வளவு நேரத்துலம்மா?"

"ஒரு மணி நேரத்துல ஆரம்பிக்கும். ரெண்டு மூணு மணி நேரத்துல உச்சிக்குப் போகும். வெறும் வயித்துல போட்டிருந்தா இன்னும் மோசம். முதல்ல வேர்த்துக் கொட்டும். கை நடுங்கும், நெஞ்சு அடிச்சுக்கும். பசி பசின்னு பறப்பான். அப்புறம் காரணமே இல்லாம எரிஞ்சு விழுவான். அப்புறம் உளறுவான்."

"அப்புறம்?"

"அப்புறம் உளறவும் மாட்டான்."

செபெரினோ மேசை மேல் கிடந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தான்.

"உடனே இனிப்பா ஏதாச்சும் உள்ள தள்ளணும். தள்ளிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ஆமா, உன் குரல் ஏன் நடுங்குது?"

"பஸ் சத்தம்மா."

"பஸ்ல இருக்கிறது நான்."

அவன் போனை வைத்துவிட்டான். காதில் ஒட்டியிருந்த வியர்வையைத் துடைத்தான். துடைத்த கையும் ஈரமாக இருந்தது. பயந்தால் உடம்பு இப்படித்தான் நனையும் என்று அவனுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பயந்தே வளர்ந்தவன் அவன். இருந்தாலும் இன்றைக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

போய் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அவர் பார்ப்பார். இடுப்புக்குக் கை போகும். சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு மணி நேரத்தில் அவர் செத்துப்போவார். அவர் செத்தால் சுனில்டா அம்மாவின் உரிமம் போகும், தன் வேலை போகும், தான் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். அந்த ஜெயிலில் அதிகாரி அனுப்பி வைத்த ஆட்கள் பாதிப் பேர் இன்னும் இருப்பார்கள் என்பது மட்டும் ஒரு ஆறுதல். அவர்கள் மாலை போட்டாலும் போடுவார்கள்.

ஒரே வழிதான் இருந்தது. அவருக்கே தெரியாமல் அவர் வயிற்றுக்குள் இனிப்பை ஏற்ற வேண்டும். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, பத்தரை மணிக்குக் கடைக் கதவை இழுத்துச் சாத்தினான்.

அதிகாரி சதுக்கத்து மாமரத்தின் கீழே சீட்டாடிக்கொண்டிருந்தார். எதிரே அவருடைய பழைய நண்பர்கள் இரண்டு பேர். ஒருவர் சிவப்புக் கட்சி, இன்னொருவர் நீலக் கட்சி. காற்று சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க மேசை மேல் கற்கள் வைத்திருந்தார்கள். செபெரினோ கரும்புச் சாறு வண்டியில் பெரிய டம்ளராக ஒன்று வாங்கிக்கொண்டு போய் நின்றான். டம்ளர் அவன் கையில் தளும்பியது.

"ஐயா, வெயில் கொளுத்துது. ஒரு டம்ளர் குடிங்க."

அதிகாரி சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். அவன் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். அவர் நெற்றியிலும் வியர்வை முத்து முத்தாக நின்றது. முதல் அறிகுறி.

"உனக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்றார் அதிகாரி.

அந்தக் காலத்தில் ஸ்டேஷனில் அடி விழுவதற்கு முன்னால் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான் என்று செபெரினோ கேள்விப்பட்டிருக்கிறான்.

"நல்லாத்தான் இருக்கேங்க ஐயா. உங்களுக்கு எப்படி இருக்கு?"

"எனக்கு என்ன கேடு? சாறு யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு வேண்டாம். நீ குடி."

"ஐயோ, உங்களுக்காகத்தான் வாங்கினேன்."

"குடின்னு சொன்னேன்."

குரலை அவர் உயர்த்தவில்லை. கை மட்டும் இடுப்புப் பக்கம் போயிற்று. செபெரினோ ஒரே மூச்சில் டம்ளரைக் காலி செய்தான். ஆச்சரியமாக, கை நடுக்கம் கொஞ்சம் நின்றது போல இருந்தது. பயத்துக்குக் கரும்புச் சாறு நல்லது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"இன்னொண்ணு வாங்கிக் குடி," என்றார் அதிகாரி.

"வயிறு நிறைஞ்சுடுச்சு ஐயா."

"அப்ப இங்கயே உக்காரு. எங்கயும் போகாத. என் கண்ணுல படுற மாதிரி உக்காரு."

அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். அதிகாரி ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஆனால் சீட்டைப் பார்க்கவில்லை, இவனைத்தான் பார்த்தார். கையிலிருந்த நல்ல சீட்டைத் தூக்கி எறிந்தார். சிவப்புக் கட்சிக்காரர் சிரித்தார். "என்னய்யா, ராஜாவைத் தூக்கிப் போடுற? மூளை கலங்கிடுச்சா?"

மூளை. செபெரினோவுக்கு நெஞ்சு மறுபடியும் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மணி பதினொன்றேகால். உச்சிக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

அதிகாரியின் தண்ணீர்க் கூஜா பெஞ்சுக்கு அடியில் இருந்தது. அதிலிருந்துதான் அவர் தெரெரேக்குத் தண்ணீர் ஊற்றுவார். நான்கடி தள்ளி காப்பிக்காரியின் மேசையில் ஒரு சர்க்கரை டப்பா இருந்தது. செபெரினோ குனிந்து செருப்பைச் சரி செய்கிற பாவனையில் நகர்ந்தான், திரும்பி வந்தான், கூஜாவுக்குள் நான்கு கை சர்க்கரையைக் கொட்டினான். விரலில் ஒட்டியிருந்ததை என்ன காரணமோ ஆவலோடு நக்கினான். காப்பிக்காரியின் மேசையில் இருந்த சீஸ் ரொட்டி வளையங்களைப் பார்த்து அவன் வயிறு நாய்க்குட்டி மாதிரி முனகியது. ஒரு மனிதன் சாகக் கிடக்கும்போது பசிக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

அதிகாரி கொம்பில் தண்ணீர் ஊற்றினார். உறிஞ்சினார்.

தெரெரேயில் சர்க்கரை போடுவது பராகுவேயில் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் நடைமுறையில் கொலைக்கு மன்னிப்புக் கிடைக்கலாம், இதற்குக் கிடைக்காது. அதிகாரி வாயிலிருந்ததை எல்லாம் சீட்டுகள் மேல் துப்பினார்.

"எவன்டா என் தண்ணியில சர்க்கரை கலந்தது?"

"உங்க ஆள்தான்," என்றார் நீலக் கட்சிக்காரர், சிவப்பைக் காட்டி.

"நானா? தேர்தல்ல தண்ணியக் கலக்கினது யாருன்னு ஊருக்கே தெரியும்," என்றார் சிவப்பு.

இரண்டு பேரும் எழுந்தார்கள். நாற்காலி ஒன்று சாய்ந்தது. கற்கள் உருண்டு, சீட்டுகள் வடக்குக் காற்றோடு சதுக்கம் முழுக்கப் பறந்தன. அந்தக் கூச்சலுக்கு நடுவே அதிகாரி மட்டும் யாரையும் பார்க்காமல் செபெரினோவின் கையைப் பார்த்தார். அதில் சர்க்கரை மினுங்கிக்கொண்டிருந்தது.

"டேய் செபெரினோ. இங்க வா."

காரணமே இல்லாமல் எரிஞ்சு விழுவான். அடுத்த அறிகுறி. காரணம் இருக்கிறது என்பதை யோசிக்கிற நிலையில் செபெரினோ இல்லை. அதிகாரியின் கை சட்டைக்கு அடியில் நுழைந்தது. செபெரினோ ஓடினான்.

ஓடும்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. அந்த ஊரில் அதிகாரியை 'வாய்யா, போய்யா' என்று அதட்டக்கூடிய ஒரே ஆள் அவருடைய மனைவி பெர்பெத்துவா. அந்த அம்மாவிடம் சொன்னால், மூக்கைப் பிடித்தாவது ஒரு கரண்டி தேனை அவர் வாயில் ஊற்றிவிடுவார். சதுக்கத்து மூலையில் கிறிஸ்பினின் வண்டி நின்றது. 'ஆமை' என்று ஊரார் செல்லமாகச் சொல்லும் குதிரை வண்டி. சொன்ன பெயருக்குக் குதிரை ஒரு நாளும் துரோகம் செய்ததில்லை. செபெரினோ பாய்ந்து ஏறினான்.

"அதிகாரி வீட்டுக்கு விடு. சீக்கிரம்."

கிறிஸ்பின் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, யார் வீட்டுக்குப் போறமோ அவரே லாரியில பின்னால வர்றாரு. நின்னு சேந்து போலாமா?"

"நிக்காத. அடி குதிரைய."

"அடிச்சா நின்னுடும்ணே."

பின்னால் அதிகாரியின் பழைய சின்ன லாரி உறுமிக்கொண்டு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். தெருவில் ஈ காக்கை இல்லை, எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. எங்கோ ஒரு இரும்புக் கதவு காற்றில் படார் படார் என்று அடித்துக்கொண்டே இருந்தது. செபெரினோவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கண் முன்னால் சின்னச் சின்னப் புள்ளிகள் பறந்தன. இந்த மாதிரி அவன் பயந்ததே இல்லை.

"நில்லுடா," என்று அதிகாரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார். "ஓடாதடா. ஓடினா இன்னும் வேகமா ஏறும்."

"என்ன ஏறும்ங்கிறாரு?" என்றான் கிறிஸ்பின்.

"லாரியை நம்ம மேல ஏத்துவேங்கிறாரு," என்றான் செபெரினோ. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தெருவின் குறுக்கே ஒரு நாய் ஓடியது. லாரி வலப்பக்கம் போய் இடப்பக்கம் வந்தது. செபெரினோ நாயைப் பார்க்கவில்லை, லாரியைத்தான் பார்த்தான். மூளைக்குச் சாப்பாடு நின்றுவிட்டது; அந்த நிலையில் மனுஷன் வண்டி ஓட்டுகிறார். இன்னும் கொஞ்ச தூரத்தில் பள்ளிக்கூடம். தன்னால் ஒருவர் சாவது போதாதென்று ஒரு பள்ளிக்கூடமுமா?

"கிறிஸ்பின், வண்டியைக் குறுக்க நிறுத்து."

"அண்ணே, லாரிண்ணே."

"நிறுத்துடா. அவரு நிதானத்துல இல்ல."

கிறிஸ்பின் நிறுத்தினான். அந்தக் குதிரைக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான், உடனே நின்றது. அதிகாரி ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினார். லாரி ஆரஞ்சுத் தோட்டத்து வேலியைத் தொட்டு, வாய்க்காலுக்குள் முன்சக்கரத்தை இறக்கி, ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. மேலே இருந்து ஏழெட்டு ஆரஞ்சுகள் அதன் கூரையில் விழுந்தன.

கதவு திறந்தது. அதிகாரி இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. மீசையிலிருந்து வியர்வை சொட்டியது. கை நடுங்கியது. இத்தனை வருடத்தில் அவர் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை.

"செபெரினோ," என்றார். குரல் உடைந்திருந்தது. "காலைல... அது வந்து... தட்டுல... நான் என்ன பண்ணிட்டேன்னா... நீ முதல்ல உக்காரு. இல்ல, நிக்காத. ஆரஞ்சு. ஆரஞ்சு தின்னு."

உளறல் ஆரம்பித்துவிட்டது. இனி அடுத்தது ஒன்றுதான் பாக்கி. செபெரினோ எதையோ சொல்ல வாயைத் திறந்தான். இரண்டு அதிகாரிகள் அவனை நோக்கி வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மீசை. முழங்கால் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கின.

"பிடிடா கிறிஸ்பின்," என்று இரண்டு அதிகாரிகளும் சேர்ந்து சொன்னார்கள். "தூக்கிப் போடு வண்டியில. வீட்டுக்கு விடு, அது பக்கம். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் போலாம்."

வீட்டுக்கு. ஸ்டேஷனுக்குக் கூட இல்லை. வண்டியில் படுத்தபடி செபெரினோ வானத்தைப் பார்த்தான். புழுதியில் அது தவிட்டு நிறத்தில் இருந்தது. வழி முழுக்க அதிகாரி அவன் வாயில் ஆரஞ்சுச் சுளையை ஒவ்வொன்றாகத் திணித்துக்கொண்டே வந்தார். சுடுவதற்கு முன்னால் சத்தம் போடாமலிருக்கத்தான் வாயை அடைக்கிறார் என்று அவன் புரிந்துகொண்டான். ஆனால் சுளைகள் தித்திப்பாக இருந்தன. அவன் விழுங்கிக்கொண்டே அழுதான்.

பெர்பெத்துவா அம்மா கையில் கரண்டியோடு வாசலில் நின்றார். கணவரின் முகத்தையும் அவர் தாங்கிப் பிடித்திருந்த ஆளையும் பார்த்தார். இவனைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, பப்பாளிப் பாகு, தேன், சூடான சோள ரொட்டி என்று முன்னால் அடுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் செபெரினோவுக்கு ஒரே ஒரு அதிகாரி தெரிந்தார். அவர் எதிரே உட்கார்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தில் மணி பன்னிரண்டேமுக்கால். உச்சி. இன்னும் அவர் உயிரோடு இருக்கிறார். இன்னும் நேரம் இருக்கிறது. செபெரினோ தேன் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினான்.

"ஐயா, ஒரு வாய் சாப்பிடுங்க."

அவர் அவன் பக்கம் தள்ளினார். "நீ சாப்பிடு."

"நீங்க சாப்பிடுங்க ஐயா, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்."

"டேய், நீ தின்னுடா."

கிண்ணம் நான்கு தடவை போய் வந்தது. ஐந்தாவது தடவை செபெரினோவால் முடியவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டான்.

"நான்தான் ஐயா கொலைகாரன். காலைல தலைவலி மாத்திரைன்னு நினைச்சு, சர்க்கரை மாத்திரைய உங்களுக்குக் குடுத்துட்டேன். கண்ணாடி போடல. கரும்புச் சாறும் அதுக்குத்தான், கூஜாவுல சர்க்கரையும் அதுக்குத்தான். உங்க உயிர் போயிட்டிருக்கு. என்னைச் சுடுறதா இருந்தா சுடுங்க. ஆனா முதல்ல ஒரு கரண்டித் தேனாவது குடிச்சுட்டுச் சுடுங்க."

வெளியே காற்று ஓலமிட்டது.

அதிகாரி மெதுவாக எழுந்தார். அவருடைய கை சட்டைக்கு அடியில் போயிற்று, இடுப்பிலிருந்த புடைப்பைப் பற்றியது. ஊரில் யாரும் பார்க்காததைத் தான் பார்க்கப்போகிறோம் என்று செபெரினோவுக்குத் தெரிந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டு, நினைவுக்கு வந்த எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

மேசை மேல் ஏதோ 'தொப்' என்று விழுந்தது.

கண்ணைத் திறந்தான். வாழை மட்டையில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டிய கொய்யாப்பழ அல்வாக் கட்டி. ஒரு மூலையில் மட்டும் கத்தியால் நறுக்கிய தடம் இருந்தது.

அதிகாரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

பெர்பெத்துவா அம்மா அல்வாவில் பெரிய துண்டாக ஒன்றை நறுக்கி, செபெரினோவின் கையில் வைத்தார்.

"எந்திரிச்சு உக்காந்து சாப்பிடு தம்பி, இருபது வருஷமா சர்க்கரை இருக்கிறது அவருக்கு, காலைல உங்க சுனில்டா அம்மாகிட்ட யாருக்கும் தெரியாம வாங்கி, அவரு தட்டுல வெச்ச மாத்திரைய எடுத்து முழுங்கினது நீ."